கள்ளத்தோணியில் வந்த கணவன்

புனேயிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்தது நாம் வாழும் தளேகாவ். தமிழகத்தினின்றும் நாம் இவ்வூர்க்கு வந்த நாளில், பயணச்சீட்டுப் பரிசோதகர் ஒருவரைத் தவிர வேறெவரும் நம்மிடம் சீட்டுக் கேட்டாரில்லை. பின்னர் நம் மனைவியரும் மக்களும் வந்தனர். சில இல்லங்களில் மனைவி முதலில் வேலையேற்று வர, கணவர் பின்னர் வந்து சேர்ந்தார். மொழி வேறு, மாநிலம் வேறு, எனினும் "நும் கணவர் எவ்வழியே வந்தார்?" என்று எந்த அதிகாரியும் வினவவில்லை. இந்திய நாட்டின் எப்பகுதியிலும் சென்று உறையலாம் என்னும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நமக்கு அளித்துள்ளது. கேட்டுப் பெறாமலே கைவந்த உரிமையாதலின், அதன் அருமையை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இங்கிருந்து புனேக்குச் செல்லும் தொலைவினும் குறைவு. அக்கடலைக் கடந்து தன் மனைவியிடம் சென்ற தமிழனுக்கு ஒரு காலத்தில் 'கள்ளத்தோணி' என்று பெயர். அதே கடலை எதிர்த்திசையில் கடந்து வந்து, தமிழகத்துப் பெண்ணை மணந்து வாழும் தமிழனுக்கு இன்று 'சட்டவிரோதக் குடியேறி' என்று பெயர். இவ்விரு பெயர்களின் வரலாற்றை இம்மலரில் சிறிது காண்போம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடல் எல்லையாக இல்லை, வழியாக இருந்தது. காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய சீமைகளிலிருந்து மக்கள் கங்காணியின் பின்னே சென்றனர். அவர்களைச் சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்டபின் கப்பலேற்ற இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் ஒரு முகாம் நடத்திற்று. இந்த மண்டபம் முகாமை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இவ்வரலாறு மீண்டும் அங்கேயே வந்து நிற்கும். 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடிற்று. சென்னையில் இரயிலேறியவன் கடலைக் கப்பலில் கடந்து மீண்டும் இரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம். மக்கள் அதனைப் 'போட் மெயில்' என்றனர்.

வழி திறந்திருந்தமையால் உறவும் அறுபடவில்லை. நம் மரபு கொண்டுகொடுக்கும் மரபு. தாய்மாமன் மகனுக்கோ அத்தை மகனுக்கோ பெண் கொடுப்பது முறை. மாமன் புதுக்கோட்டைச் சீமையிலும் தங்கை அட்டன் தோட்டத்திலும் இருந்தால், அம்முறை கடலைக் கடந்துதான் ஆகவேண்டும். தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்கு ஊரிலிருந்து முறைமாப்பிள்ளை வந்தான். அல்லது தோட்டத்து ஆண்மகன் ஊருக்கு வந்து தாலிகட்டி மனைவியை அழைத்துச் சென்றான். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தவள் ஓராண்டு தங்கியும் போனாள். பதிவாளர் முன் கையொப்பமிட்ட மணங்கள் மிகச் சிலவே. ஊரார் அறிந்ததே சான்று. இத்தகைய வாழ்வின்மேல்தான் பின்னர்ச் சட்டம் வந்து விழுந்தது.

முதல் தடை இந்தியாவின் பக்கத்திலிருந்தே வந்தது என்பதை மறைத்தல் ஆகாது. இலங்கை அரசாங்கம் தன் துறைகளிலிருந்து இந்தியத் தினக்கூலித் தொழிலாளரை விலக்கத் தொடங்கியபோது, அதற்கு மறுமொழியாக 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. தொழிலாளர் நலம் கருதியே அது செய்யப்பட்டது. எனினும் கடலின் இருகரையிலும் காலூன்றிய குடும்பங்களுக்கு அன்றே இடர் தொடங்கிற்று.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தை அல்லது பாட்டன், பூட்டன் இலங்கையில் பிறந்தமையை ஆவணத்தால் மெய்ப்பிக்க இயலாத தோட்டத் தமிழர் அனைவரும் ஒரே நாளில் நாடற்றோர் ஆயினர். மறு ஆண்டு நவம்பர் முதல் நாள், குடிவரவு குடியகல்வுச் சட்டம் செயற்படலாயிற்று. அதுவரை இரயில் சீட்டோடு முடிந்த பயணத்துக்குக் கடவுச்சீட்டும், விசாவும், தற்காலிக வசிப்பு அனுமதியும் தேவையாயின. அவை கிடைக்கப் பெறாதவர், உறவு அங்கிருக்க ஊரில் இருக்கமாட்டாமல், இரவில் தோணி ஏறினர். கள்ளத்தோணி என்னும் சொல் அத்தோணிக்கு உரியது. நாளடைவில் அதில் ஏறியவனுக்கு ஆகி, ஈற்றில் தோணியையே கண்டறியாத, மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழனுக்கும் ஏச்சாயிற்று.

நாடற்றோர்க்கு வழிசெய்வதாகக் கூறி இயற்றப்பட்டது 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியுரிமைச் சட்டம். அதன் நுட்பத்தை ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். நம் பொருளின் உயிர்நிலை அதில்தான் உள்ளது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் இடைவிடாது வாழ்ந்திருத்தல் வேண்டும். அத்துடன் அமைந்ததா எனின், இல்லை. விண்ணப்பிக்கும் கணவன் மட்டுமன்றி, அவன் மனைவியும் மணம்நிகழ்ந்த ஓராண்டுக்குள்ளாகவே இலங்கைக்கு வந்து, அன்றுமுதல் இடைவிடாது அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது சட்டம். ஒருமுறை 12 மாதத்துக்கு மேற்பட்டு அகன்றிருந்தால் தொடர்ச்சி அறுந்தது எனக் கொள்ளப்படும். மாமியாரைப் பேணவோ, பிள்ளைப்பேற்றுக்கோ, காணியைப் பார்க்கவோ மனைவி ஊரில் 13 மாதம் தங்கியிருந்தால், 20 ஆண்டு கொழுந்து மலையில் உழைத்த கணவனின் உரிமையும் வீழ்ந்தது. மணந்த நாளை மெய்ப்பிக்கப் பதிவுச்சீட்டு வேண்டும். அது பெரும்பாலார்க்கு இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்த நாளும் இல்லாத நாளும் எண்ணப்பட்டன. இல்லறத்தின் இயல்பான போக்குவரவே குற்றச்சான்றாக நின்ற விந்தையை வேறெங்குக் காண்போம்?

1951 ஆகஸ்டு 5ஆம் நாளோடு விண்ணப்பக் கெடு முடிந்தது. வந்தவை ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பல ஆண்டுகள் விசாரணை நடந்தபின் குடியுரிமை எய்தியோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இதற்கிடையில் 1952 முதல் இலங்கையின் வடகரையில் கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்க இராணுவம் காவல் நின்றது. 1963-இல் அதற்கெனத் தனிப்படையும் அமைந்தது. 1954 ஜனவரி 18ஆம் நாள் புதுதில்லியில் நேருவும் சர் ஜான் கொத்தலாவலையும் ஓர் உடன்படிக்கை செய்தனர். வாக்காளர் பட்டியலில் இல்லாத வயதுவந்தோர் அனைவரையும் பதிவுசெய்ய வேண்டும். அப்பதிவும் இல்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின், அவர் இந்தியாவிலிருந்து கள்ளமாக வந்தவர் என்றே கொள்ளப்படுவார். அவரைத் திருப்பியனுப்ப இந்தியத் தூதரகம் துணைபுரியும் என்பது அதன் ஒரு விதி. ஒருவன் பேசும் மொழியையே அவன் குற்றத்துக்கு முதற்சான்றாக்கும் ஒப்பந்தத்தில் நம் நாடும் கையொப்பமிட்டது. நேருவின்பால் நமக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் இவ்விதியை அவர் எவ்வாறு ஏற்றார் என்று நாம் வியவாதிருக்க இயலவில்லை.

பத்தாண்டுக்குப்பின், 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரவரை இந்தியாவும் 3 இலட்சவரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரவரை 1974-இல் இருநாடும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இத்தொகையில் கள்ளக் குடியேறிகள் அடங்கார் என்று ஒப்பந்தம் வெளிப்படையாகவே உரைத்தது. அதாவது, தோணியில் வந்து தோட்டத்துப் பெண்ணை மணந்து பிள்ளைகளையும் பெற்ற ஒருவன், பங்கீட்டில் எண்ணாகக்கூட வரவில்லை. அவன் மனைவி இலங்கையின் பங்கிலோ இந்தியாவின் பங்கிலோ நிற்கலாம். அவனுக்கு நிற்க இடமில்லை.

ஒப்பந்தமாகி இரு மாதம் நிறையுமுன், அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. அதில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாயகம் என்னும் பெயரால் தாம் அறியாத நாட்டுக்குத் திரும்பினர். நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் இவர்களுள் ஒரு பகுதியினர்க்காக அமைந்தவை. அண்ணன் இங்கும் தம்பி அங்கும், பெற்றோர் இங்கும் மணமான மகள் அங்கும் எனப் பிரிந்தனர். தலைமன்னார் நிலையத்தில் அழுகை ஓயாமையால் மக்கள் அந்த இரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயரிட்டனர். 1984-இல் கப்பலும் நின்றது.

கப்பல் நிற்குமுன்பே தோணிகள் மறுதிசையில் வரத் தொடங்கிவிட்டன. 1983 ஜூலை வன்செயலுக்குப்பின் உயிரைக் காத்துக்கொள்ள ஓடிவந்தோர் இராமேசுவரம் கரையில் இறங்கினர். அவர்களைப் பதிவுசெய்து தங்கவைத்த இடம் அதே மண்டபம் முகாம். பாட்டனை அம்மை குத்திக் கப்பலேற்றிய முகாமில் பேரன் அகதியாக நின்றான். வந்தோருள் மலைநாட்டுத் தமிழரும் உளர். பங்கீட்டின்படி இந்தியா ஏற்றிருக்க வேண்டிய குடும்பத்தாரும் அவர்களுள் இருந்தனர். கடவுச்சீட்டோடு தோணி ஏறியவர் எவர்?

இங்கு வளர்ந்த பிள்ளைகள் இங்குள்ளாரை மணந்தனர். முகாமில் வாழும் ஆண்மகன், அடுத்த தெருவில் வாழும் இந்தியப் பெண்ணை மணப்பது இன்று வியப்பன்று. அப்பெண் தன் கணவனுக்கு உரிமை கேட்டுச் செல்லும்போது அவளுக்குச் சட்டம் என்ன மொழிகிறது? 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம், முதலில் இந்தியரை மணந்த பெண்களுக்கு மட்டுமே பதிவால் குடியுரிமை தந்தது. இந்தியப் பெண்ணை மணந்த ஆணுக்கு அவ்வழி இல்லை. மனைவி கணவன் பின்னே செல்வாள், கணவன் மனைவி பின்னே வாரான் என்பது சட்டம் வகுத்தோர் எண்ணம் போலும். 1986ஆம் ஆண்டுத் திருத்தமே 'பெண்கள்' என்ற சொல்லை நீக்கி இருபாலார்க்கும் வழி திறந்தது. ஆனால் 2003ஆம் ஆண்டுத் திருத்தம், 7 ஆண்டு இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றதோடு, உரிய ஆவணமின்றி நாட்டினுள் வந்த 'சட்டவிரோதக் குடியேறி' எவரும் விண்ணப்பிக்கவே தகுதியற்றவர் என்றும் விதித்தது. 30 ஆண்டு இங்கு வாழ்ந்தாலும், தாலிகட்டிய மனைவி இந்தியராயினும், வந்த வழியே அவனை விலக்குகிறது. அதனினும் கொடிது பிள்ளைகளின் நிலை. 2004 டிசம்பர் 3ஆம் நாளும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைக்குத் தாய் இந்தியக் குடியாயினும், தந்தை சட்டவிரோதக் குடியேறியாயின் பிறப்பால் குடியுரிமை இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1913-இல் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி சர்ல், கிறித்தவ முறையில் நிகழாத இந்திய மணங்களை ஏற்க மறுத்தார். கணவனிடம் செல்ல வந்த மனைவி ஒருத்தியின் வழக்கு அது. அத்தீர்ப்புக்குப்பின் தமிழ்ப் பெண்கள் போராட்டத்தில் இறங்கிச் சிறைசென்றனர். தில்லையாடி வள்ளியம்மை உயிரையே ஈந்தார். மறு ஆண்டு சட்டம் திருந்திற்று. பிரிட்டனில் குடியிருந்த மூன்று பெண்டிர், ஆண்கள் மனைவியரை அழைத்துக்கொள்வதுபோல் தாமும் கணவரை அழைக்கலாகாதா என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்று 1985-இல் வென்றனர். பிரிட்டிஷ் அரசாங்கமோ கணவர்க்குத் தளர்த்தாமல் மனைவியர்க்கும் இறுக்கிச் சமன்செய்துகொண்டது! அமெரிக்காவில் அனுமதியின்றி நுழைந்து ஓராண்டுக்குமேல் தங்கியவர், விசாப் பெறுவதற்காக நாட்டைவிட்டு வெளியேறினால் 10 ஆண்டு திரும்பலாகாது என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். குடிமகளின் கணவனையும் அது கட்டும். அவளுக்கு நேரும் பெருந்துயரை மெய்ப்பித்தால் விலக்கு உண்டு. கணவனை நாட்டினுள் விடுமாறு கேட்பது மனைவியின் அடிப்படை உரிமை அன்று என 2024-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் உரைத்தது.

தமிழகத்தில் நீதிமன்றங்கள் சற்றே இரங்கியுள்ளன. திருச்சி முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் 17ஆம் நாள் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், அவர்கள் விண்ணப்பங்களை மைய அரசு 16 வாரத்துள் ஆராய்ந்து முடிவுசெய்யுமாறு ஆணையிட்டார். அவ்வாண்டு இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளே இடம்பெற்றன, இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் மைய அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9ஆம் நாள்வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்குரிய தண்டனையினின்று விலக்கிற்று. சிறைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. குடியுரிமை பற்றி அவ்வாணையில் ஒன்றும் இல்லை.

ஆகவே இன்றும் ஒரு பெண், வாக்காளர் அட்டையும் கடவுச்சீட்டும் தன்னுடையன இருக்க, கணவனுக்குரிய அகதி அடையாள அட்டையை வேறொரு உறையில் வைத்துப் பேணுகிறாள். முகாமில் கணக்கெடுக்கும் நாளில் அவன் வெளியூரில் இருத்தல் ஆகாது. வேலைக்காக அயலூரில் தங்க வேண்டுமாயின் முன்கூட்டி அனுமதி பெறவேண்டும். இங்கு தளேகாவில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு நாளை வேலை கிடைத்தால், நம்முள் பலரைப்போல் அவள் இரயிலேறி வந்துவிடலாம். அவன் வரவேண்டுமாயின் முதலில் முகாம் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.