மைலேஜ் கணக்கில் விடுபட்ட உடல்

நாவலூர் ஐ.டி. நிறுவனங்களில் இரவுப் பணி முடிக்கும் பெண்களில் பலரும் கம்பெனி கேபின் பின்சீட்டில்தான் வீடு திரும்புகிறார்கள். அந்தச் சீட்டில் உட்காரும் உடலை யார் அளந்தார்கள்?

1973 எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, கார்களுக்கு எரிபொருள் சிக்கன வரம்பு விதிக்கும் சட்டத்தை 1975இல் அமெரிக்கா இயற்றியது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஹைப்ரிட் 3’ என்ற மோதல் சோதனைப் பொம்மையை உருவாக்கியது: உயரம் சுமார் 175 செ.மீ., எடை 78 கிலோ. சராசரி அமெரிக்க ஆண். பெட்ரோலுக்கு ஓர் அளவுகோல், உயிருக்கு ஓர் அளவுகோல். இரண்டாவதில் நாம் இல்லை. பின்னர் வந்த ‘பெண்’ பொம்மையும் இதே ஆணைச் சுருக்கிச் செய்ததுதான்.

பாதுகாப்பைக் கூட்டினால் வண்டியின் எடை கூடும், மைலேஜ் குறையும், புகை பெருகும் என்றே நமக்குச் சொல்லிவந்தார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டார்கள். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ, இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ10 உட்பட ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். அந்த ஐந்தில் ஒன்றான போலோவில் இரண்டு ஏர்பேக் பொருத்திச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஏர்பேக்கின் எடை சில கிலோதான். இதை மைலேஜ் பிரச்சினை என்பதைவிட விலைப் பிரச்சினை என்பதே நேர்மை.

அந்தச் சோதனையிலும் முன்சீட்டுகளில் ஆண் பொம்மைகள், பின்சீட்டில் குழந்தைப் பொம்மைகள். கேபில் போகும் பெண் எங்குமில்லை. சீட் பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர் படுகாயமடையும் வாய்ப்பு, அதேபோன்ற விபத்தில் சிக்கும் ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று 2011இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டிருந்தது. ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு, சராசரிப் பெண்ணுடலைக் கொண்டு வடிவமைத்த பொம்மையை 2022இல்தான் அறிமுகப்படுத்தியது: 162 செ.மீ., 62 கிலோ. அதை உட்காரவைத்துச் சோதிப்பதால் எந்தக் காரின் மைலேஜும் குறையப்போவதில்லை.

எடையைப் பற்றிய கவலையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. 2017-18இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த எரிபொருள் சிக்கன விதி, நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எடைக்கேற்ப வரம்பை நிர்ணயிக்கிறது. கனமான கார்களை விற்பவருக்குக் கூடுதல் புகைக்கு இடமுண்டு. ஏர்பேக்கின் சில கிலோவுக்குக் கணக்குப் பார்த்தவர்கள், பழைய மகாபலிபுரம் சாலையில் ஸ்கூட்டியில் போகும் பெண்ணை உரசியபடி விரையும் பெரிய எஸ்.யூ.வி.க்களின் எடைக்கு அப்படிப் பார்க்கவில்லை.