லெபனான் மலையின் மூலிகை ஓவியங்கள்

செடியைக் காட்டிப் பெயர் சொல்வது எளிது. ஏட்டில் உள்ள பெயரைக் கொண்டு செடியைக் கண்டுபிடிப்பதோ அரிது. பண்டை மருத்துவர்களைப் பெரிதும் வருத்திய இடர் இதுவே.

கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் இயற்றிய மூலிகை நூலைக் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் இஸ்திஃபான் இப்னு பஸீல் பக்தாதில் அரபியில் பெயர்த்தார்; ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தினார். அரபுப் பெயர் தெரியாத செடிகளுக்குக் கிரேக்கப் பெயரே நின்றது. அப்பெயர்களுக்குரிய செடிகளைப் பின்வந்தோர் தத்தம் நாட்டு மலைகளிலே தேடலாயினர். படங்கள் தீட்டிய ஏடுகளும் முழுத் துணையாகவில்லை. பழைய படத்தைப் பார்த்துப் புதுப்படம் வரையுந்தோறும் இலையின் வடிவம் சிறிது சிறிதாகத் திரிந்தது. மூலிகை மாறினாலோ நோயாளியின் உயிருக்கே ஊறு.

இவ்விடரைத் தீர்க்க ஏட்டை விட்டு மலைக்குச் சென்றவர் ரஷீதுத்தீன் இப்னு அஸ்ஸூரி. சிலுவைப் போர்வீரர் வசமிருந்த ஸூர் எனும் கடற்கரை நகரில் ஹிஜ்ரி 573இல் (கி.பி. 1177) பிறந்தார். டமாஸ்கஸில் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ போன்ற பேரறிஞர்களிடம் பயின்றார். பைத்துல் முகத்தஸ் மருத்துவமனையில் ஈராண்டு பணியாற்றினார். மூலிகை நுட்பங்களை அங்கே அபுல் அப்பாஸ் அல்ஜய்யானீ என்ற முதியவரிடம் கற்றார். சுல்தான் ஸலாஹுத்தீனின் இளவல் அல்மலிக்குல் ஆதில் ஹிஜ்ரி 612இல் இவரைத் தம் பணியில் அமர்த்தினார். ஆதிலின் மைந்தர் முஅழ்ழம் காலத்தில், அவர் பெயரால் ஒற்றை மருந்துப் பொருள்களைப் பற்றிய பெருநூல் ஒன்றைத் தொடங்கினார். முன்னோர் கூறாத மூலிகைகளும் அதில் இடம்பெற்றன.

அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. பல்வகை வண்ணங்களுடன் ஓர் ஓவியரை அழைத்துக்கொண்டு லெபனான் மலைக்கும், அரிய செடிகள் வளரும் பிற இடங்களுக்கும் செல்வார். செடியைத் தாமே ஆராய்ந்து உறுதி செய்தபின் ஓவியருக்குக் காட்டுவார். இலைகளின் அளவு, கிளை, வேர், நிறம் யாவற்றையும் உற்று நோக்கி ஓவியர் உள்ளவாறே தீட்டுவார். அத்துடன் பணி முடிவதில்லை. தளிர்க்கும் பருவத்தில் ஒரு படம். முற்றி விதை தோன்றும் பருவத்தில் மற்றொரு படம். வாடி உலர்ந்தபின் மூன்றாம் படம். நூலைப் புரட்டுபவர் எப்பருவத்தில் செடியைக் கண்டாலும் ஐயமின்றி அறிய வேண்டும் என்பதே நோக்கம்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். மூட்டுவலிக்கு நம் யூனானி ஹகீம்கள் தரும் சூரிஞ்சானை நோக்குக. அவ்வினத்துச் செடிகள் பல இலையுதிர் காலத்தில் இலையின்றிப் பூக்கும். இலையும் காயும் அடுத்த வசந்தத்திலேதான் வெளிவரும். மருந்துக் கடைக்கு வருவதோ காய்ந்த கிழங்கு. பூவைக் கண்டவர் இலையைக் கண்டு அதே செடியென்று சொல்லிவிட இயலாது. அளவு மிஞ்சினால் நஞ்சாகும் பொருளும் அது. ஒரு படம் இங்கே போதாது. மூன்று படங்கள் வேண்டும்.

மலையோ எளிதன்று. கடலோரத்திலிருந்து எழுந்து 3,088 மீட்டர் வரை உயரும் சுண்ணாம்புப் பாறைத் தொடர் அது. அடிவாரத்தில் வெயில் காயும்போது முகட்டில் பனி கிடக்கும். உயரத்துக்கு ஏற்பப் பூக்கும் காலமும் மாறும். ஒரு செடியின் மூன்று பருவங்களையும் காண அதே சரிவை மீண்டும் மீண்டும் ஏறியாக வேண்டும். காயை அது காய்க்கும்போதும் கனியும்போதும் உற்றுநோக்குமாறு திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் (6:99) மனிதரைப் பணிப்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

ஹிஜ்ரி 639இல் (கி.பி. 1242) ரஷீதுத்தீன் டமாஸ்கஸில் காலமானார். அவருடைய ஓவிய நூல் நமக்குக் கிட்டவில்லை. அவர் காலத்தவரான இப்னுல் பைதார் (மறைவு கி.பி. 1248) சுமார் 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்த ‘அல்ஜாமிஉ’ இன்றும் நிலவுகிறது. எழுத்தைப் படியெடுக்க எழுத்தர் போதும். வண்ணப் படத்தைப் படியெடுக்கச் செடியறிந்த ஓவியரும், அவரைப் பேணும் செல்வரும் வேண்டுமன்றோ!

ஆயினும் அவருடைய முறை அழியவில்லை. ரஷீதுத்தீனுடன் பழகிய இப்னு அபீ உஸைபிஆ (மறைவு கி.பி. 1270) தம் மருத்துவர் வரலாற்று நூலில் அதனைச் சில வரிகளில் பதிந்து வைத்தார். அவ்வரிகள் இல்லையேல், ஓர் ஓவியர் மலையேறிய செய்தியே உலகுக்குத் தெரிந்திராது. ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகளுக்குப்பின், பெய்ரூத்தில் பேராசிரியராயிருந்த அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் போஸ்ட், சிரியா, பலஸ்தீன், சினாய்ப் பகுதிகளின் தாவரத் தொகுப்பை 1896இல் நிறைவு செய்தார். பூவும் காயுமாகச் செடியைச் சேகரித்து, இடமும் நாளும் குறித்து வைப்பது இன்றைய தாவரவியலின் பாலபாடம். அதன் உயிர்நாடியை ரஷீதுத்தீன் முன்பே உணர்ந்திருந்தார்.

நம் ஊர்களில் அரபுத்தமிழில் எழுதப்பட்ட மருத்துவ ஏடுகள் உண்டு. அவற்றிலுள்ள பெயர்களுக்குரிய செடிகளை நேரில் அடையாளம் காட்டவல்ல முதியோர் அருகி வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே செடியருகே அவர்களை அழைத்துச் சென்று, இடமும் பருவமும் பெயரும் குறித்துக் கொள்வோமாக. ஏடு மட்டும் எஞ்சினால், பெயர் இருக்கும். செடி எதுவென்று சொல்ல ஆளிராது.