நீருக்கும் நிலத்துக்கும் ஒரே குரல்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது ஸ்ரீவராகம். அங்குள்ள லக்ஷ்மி வராகர் கோயிலையும், அதையடுத்துப் பரந்து கிடக்கும் குளத்தையும் அந்நகரில் குடியேறிய தமிழர் நன்கு அறிவர். கடலில் ஆழ்ந்த பூமியைக் கொம்பில் ஏந்திக் கரை சேர்த்த மூர்த்தி அங்கே எழுந்தருளியிருக்கிறார். இதே கதையை மாமல்லபுரத்து வராக மண்டபத்திலும், மத்தியப் பிரதேசத்தில் விதிசைக்கு அருகேயுள்ள உதயகிரிக் குகையிலும் சிற்பிகள் கல்லில் வடித்து வைத்தனர். நீரிலும் நிலத்திலும் தடையின்றிச் செல்லும் ஓர் உருவத்தை நம் முன்னோர் எண்ணிப் பார்த்த காலம் மிகப் பழையது. காட்டுப்பன்றி நன்றாக நீந்தும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர் போலும்!

ஸ்ரீவராகத்துக்கு மேற்கே சிறிது தூரத்தில் வள்ளக்கடவு என்றோர் இடம் உண்டு. வள்ளம் என்பது தோணி. கடவு என்பது துறை. கௌரி பார்வதி பாயி ஆட்சிப் பொறுப்பில் இருந்த 1815 முதல் 1829 வரையான காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு இத்துறையைக் கடினங்குளம் காயலோடு இணைத்தது. தலைநகருக்கு வேண்டிய சரக்குகள் அவ்வழியே தோணிகளில் வந்திறங்கின. இக்கரையில் நிற்பவர் அக்கரைத் தோணிக்காரரை உரக்கக் கூவி அழைப்பது கேரளத்து வழக்கம். நீர்வழியின் குரல் அது. பின்னர் 1938 பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் பஸ் போக்குவரத்து தொடங்கிற்று. சாலை ஓங்கியது, கால்வாய் ஓய்ந்தது, பல பத்தாண்டுகள் பாசியும் குப்பையும் மண்டிக் கிடந்தது. கூவும் குரல் நின்ற இடத்தில் மோட்டார் ஹார்ன் ஒலிக்கலாயிற்று.

நீருக்கு ஒரு குரல், நிலத்துக்கு ஒரு குரல் என்றால், இரண்டிலும் ஓடும் காருக்கு எந்தக் குரல்? அந்தக் குரல் அடைத்துப் போனால் அதைத் திறப்பது எப்படி? நேயர்களே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

முதலில் ஹார்னின் பிறப்பைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாலையில் செல்லும் யந்திர வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் செங்கொடி பிடித்து நடக்கவேண்டும். அந்த ஆளே அக்காலத்து ஹார்ன் எனலாம். 1896இல் வந்த சட்டம் வண்டிகளின் வேகத்தைக் கூட்ட இசைந்தது. கூடவே, மணியோ எச்சரிக்கை ஒலி தரும் வேறு கருவியோ வண்டியில் இருக்கவேண்டும் என்று விதித்தது. ரப்பர்ப் பந்தை அமுக்கினால் பித்தளைக் குழலில் காற்றுப் புகுந்து நாக்கை அதிரச் செய்யும் கைஹார்ன் அக்காலத்தில் பரவியது. நம் ஊர் லாரிகளிலும் ஆட்டோ ரிக்ஷாக்களிலும் அதன் "பாம் பாம்" ஓசையைக் கேளாதவர் யார்?

மின்சார ஹார்னைப் பெருவழக்காக்கியவர் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிஸன். 1908ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்த அவருடைய க்ளாக்ஸன் என்னும் கருவியில், சிறு மோட்டார் ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் பற்கள் தகட்டின் நடுவிலுள்ள குமிழைத் தட்டித் தட்டி அலறச் செய்யும். இதே ஹட்சிஸன்தான் செவிப்புலன் குறைந்தோருக்காக மின்சாரச் செவிக்கருவியையும் அமைத்தவர். உலகத்தைச் செவிடாக்கிவிட்டுச் செவிக்கருவியை விற்கப் பார்த்தார் என்று அவரைக் கேலி செய்ததுண்டு. சாலைக்காகப் பிறந்த க்ளாக்ஸன், பிற்பாடு நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் புகுந்து, "மூழ்கப் போகிறோம்" என்று மாலுமிகளை எச்சரிக்கும் ஒலியாகவும் ஆயிற்று. நிலத்தின் குரல் கடலுக்குள் இறங்கிய வரலாறு இது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1921இல் தன் ஹார்னை வெளியிட்டது. மோட்டாரோ பற்சக்கரமோ இன்றி, மின்காந்தத்தால் தகட்டை அதிரவைக்கும் முறையே நாளடைவில் எங்கும் நிலைத்தது.

இனி வண்டியின் கதை. இரண்டாவது உலகப் போரில் அமெரிக்காவின் போர்டு நிறுவனம் ஜீப்புக்குப் படகின் உடலைப் பொருத்தி 1942-43இல் ஏறத்தாழ 12,800 வண்டிகளைச் செய்தது. படைத்துறையில் அதற்கு ஜி.பி.ஏ. என்று பெயர். அலை எழும்பும் கடலில் அது தாழ்ந்து மிதந்தது. கரை மணலில் ஏறவும் திணறியது. போர்க்களத்தில் பெரிதாகப் பயன்படாத அந்த வண்டிக்குப் புகழ் தேடித் தந்த எண்ணம் பிறந்தது நம் நாட்டு மண்ணில் என்பதைப் பலர் அறியார்.

கரக்பூர் ரயில்வேக் குடியிருப்புகளில் வாழும் தமிழர்களுக்கு அருகிலுள்ள கலைகுண்டா விமானத்தளம் தெரிந்திருக்கும். 1946இல் அங்கே கேட்பாரற்று நின்ற ஜி.பி.ஏ. ஒன்றை, இந்திய ராணுவப் பொறியியல் படையில் பணியாற்றிய ஆஸ்திரேலியர் பென் கார்லின் கண்டார். இதில் ஏறி உலகையே சுற்றி வரலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. உடன் இருந்தவர்கள் நகைத்தனர். அவரோ அமெரிக்காவுக்குச் சென்று அதே வகை வண்டி ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, "ஹாஃப் சேஃப்", அதாவது "பாதிக் காப்பு" என்று பெயரிட்டார். பெயரில் பொய் இல்லை! முதல் முயற்சிகள் தோற்றன. 1950இல் மனைவி எலினாருடன் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அட்லாண்டிக்கில் மிதந்து அசோர் தீவுகளை அடைந்தார். ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் கடந்து கல்கத்தா வந்து சேர்ந்தார். பிற்பகுதியில் வேறு தோழர்களோடு பர்மா, ஜப்பான், அலாஸ்கா வழியே சென்று 1958 மே மாதம் மான்ட்ரீல் நகரில் பயணத்தை முடித்தார். நீரில் சுமார் 11,000 மைல். நிலத்தில் சுமார் 39,000 மைல். அந்த வண்டி இன்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கில்ட்ஃபோர்ட் பள்ளி வளாகத்தில் காட்சிக்கு இருக்கிறது.

பொதுமக்களுக்கென விற்கப்பட்ட நீர்நிலக் கார்களில் பெயர் பெற்றது ஜெர்மனியில் 1961 முதல் உற்பத்தியான ஆம்ஃபிகார். ஹான்ஸ் ட்ரிப்பெல் என்பவர் அமைத்தது. பின்புறத்தில் டிரையம்ஃப் ஹெரால்டு எஞ்ஜின், நீரில் தள்ள இரண்டு சுழலிகள், முன்சக்கரங்களே சுக்கான். மொத்தம் 4,000க்குச் சற்றுக் குறைவாகவே செய்யப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், பிரேக் அறுந்துவிட்டதென்று கூச்சலிட்டு விருந்தினரோடு ஏரிக்குள் பாயவிட்டு வேடிக்கை பார்த்த கார் இதுதான். பெரிய மனிதர்களுக்கும் சிறுபிள்ளை விளையாட்டு உண்டு.

இத்தகைய பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நோய் உண்டு, ஹார்ன் ஊமையாகிவிடும். அதைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது. சாலையில் ஹார்ன் வேண்டும் என்பது மோட்டார்ச் சட்டம். கடலிலோ, 1972ஆம் ஆண்டு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட மோதல் தடுப்பு விதிகள் 12 மீட்டருக்குக் குறைந்த சிறு கலத்திலும் ஒலியெழுப்ப ஏதேனும் ஒரு சாதனம் இருந்தே தீரவேண்டும் என்கின்றன. மூடுபனியில் பெரிய கப்பலின் பாதையில் அகப்பட்ட சிறு வண்டிக்கு வேறு துணை என்ன இருக்கிறது?

பலர் ஹார்ன் ஒலிக்கவில்லை என்றவுடன் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதொன்றை மாட்டிவிடுகிறார்கள். இது அவசர வேலை என்பது என் கருத்து. பழைய வண்டியின் குரலும் அவ்வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி. அன்றியும், நீரில் இறங்கும் காரில் குற்றம் பெரும்பாலும் ஹார்னில் இருப்பதில்லை. பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஹார்னைக் கடந்து, வண்டியின் இரும்பு உடல் வழியாகவே திரும்புகிறது. பட்டறைகளில் இதை "பாடி எர்த்" என்பார்கள். உப்பு நீர் பட்ட இரும்பில், திருகாணியின் அடியிலும் வளையத்தின் கீழும் துரு ஏறுகிறது. துரு மின்சாரத்தைத் தடுக்கிறது. போகும் வழி சரியாக இருந்தும் திரும்பும் வழி அடைபட்டுப் போகிறது.

ஆகவே முதல் வேலை, ஹார்னைப் பாட்டரியோடு இரண்டு கம்பிகளால் நேராக இணைத்துப் பார்ப்பது. போர்க்கால ஜீப்புகள் 6 வோல்ட் என்பதை மறந்து 12 வோல்ட் பாட்டரியை இணைத்தால் கம்பிச்சுருள் கருகும். நேரே இணைத்தபோது ஒலித்தால் ஹார்ன் குற்றமற்றது. பொத்தான், ஃப்யூஸ், கம்பி, எர்த் என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். எர்த் இணைப்பில் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவவேண்டும். ஹார்னிலிருந்து பாட்டரிக்குத் தனியே ஒரு கம்பியை ஓட்டிவிடுவது இன்னும் நல்லது. அப்புறம் வண்டியின் உடலை நம்பவேண்டியதில்லை.

நேரே இணைத்தும் "டிக்" என்ற ஒலியோடு நின்றால், அப்போதுதான் ஹார்னைத் திறக்கவேண்டும். உள்ளே இருப்பது நம் வீட்டு மின்சார மணியின் தத்துவமே. காந்தம் தகட்டை இழுக்கிறது, இழுபட்டவுடன் "பாயிண்ட்" என்னும் இரு முனைகள் பிரிந்து மின்சாரம் அறுகிறது, தகடு திரும்புகிறது, முனைகள் மறுபடி சேர்கின்றன. வினாடிக்குப் பல நூறு முறை இவ்வாறு நிகழ்வதையே நாம் ஒலியாகக் கேட்கிறோம். ஈரத்தால் முனைகளில் பூத்த மாசை மெல்லிய அரத்தால் நீக்கவேண்டும். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் முனையில் பதிந்து மீண்டும் தடை செய்யும். மூடி தரைக்கப்பட்டிருந்தால் தரையாணிகளைத் துளையிட்டு எடுத்து, திரும்பப் பூட்டும்போது சிறு திருகாணிகளைப் போடலாம். தகட்டின் ஓரத்தில் இருந்த பழைய அட்டை இற்றிருந்தால் அதே கனத்தில் புதிது வெட்டி வைக்கவேண்டும். கனம் மாறினால் காந்தத்துக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறும், குரலும் மாறும்.

கடைசியில் பின்புறத்துச் சீர்திருகாணி. கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருகலாகாது. அம்மீட்டரைக் கோத்து, ஒலி தெளிவாகவும் மின்சாரம் அளவாகவும் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். அளவு மீறித் திருகினால் முனைகள் பிரியாமலே நின்று, சுருள் சூடேறி வெந்துவிடும். பொறுமையுள்ள கை இங்கேதான் தெரியும். நத்தைக்கூடு போன்ற குழல் உள்ள ஹார்னாயின், புகுந்த நீர் தானே வடியும்படி அதன் வாய் கீழ்நோக்கி இருக்கப் பொருத்தவேண்டும். குழலும் தகடும் வண்டியின் உடலில் எங்கும் உரசலாகாது.

சோதிப்பதற்கு நீர்விதியின் ஒலிகளையே ஊதிப் பார்க்கலாம். ஒரு குறும் ஒலி: வலப்புறம் திரும்புகிறேன். இரண்டு: இடப்புறம். மூன்று: பின்னோக்கி இயக்குகிறேன். ஐந்தோ அதற்கு மேலோ: உன் எண்ணம் எனக்கு விளங்கவில்லை. நெடிய ஒலி நான்கு முதல் ஆறு வினாடி நீளவேண்டும். அத்தனை நேரமும் குரல் கம்மாதிருந்தால் வேலை செம்மை. உப்பு நீரிலிருந்து ஏறிய வண்டியை அன்றே நன்னீரால் கழுவவேண்டும். குழலின் வாய்க்குள் மட்டும் குழாய் நீரைப் பீய்ச்சாமல், ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலரவிடுங்கள்.