ஒரே பாளை, இரு கலயங்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் அரசர்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். அந்நாட்டு மக்கள் எதைப் பருகினார்கள், அதில் எதைக் கலந்தார்கள், அதனால் யார் வாழ்ந்தார், யார் வீழ்ந்தார் என்று கேட்டும் அவ்வரலாற்றை எழுதலாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இருமருங்கும் வாழும் நமக்கு இக்கேள்வி மிகவும் பொருத்தமானது. ஆற்றங்கரையில் நெல்லும், ஆறு எட்டாத செம்மண் தேரிகளில் பனையும் இறைவன் நமக்கு அளித்த இரு செல்வங்கள். இவ்விரண்டிலிருந்தும் நம் முன்னோர் உணவும் செய்தனர்; மதுவும் செய்தனர்.

தானியத்தை முளைகட்டி மது ஆக்கும் கலையை ஐரோப்பியரே நமக்குக் கற்பித்தனர் என்று எண்ணுவோர் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை இதனை மறுக்கிறது. தொண்டை நாட்டு வலைஞர் குடியில் அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டிலே ஆறவைத்து, இடித்த நெல்முளையை அதனுடன் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டுப் பிழிந்தெடுத்ததை அந்நூல் படிப்படியாகக் கூறுகிறது. பீர் என்று இன்று நாம் அழைப்பதன் செய்முறையும் அடிப்படையில் இதுவே. குறிஞ்சி நிலத்தார் தேனை நெடிய மூங்கில் குழாயில் இட்டு முதிரவைத்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. பாண்டிய நாட்டின் கொற்கைத் துறை இந்த ஆற்றின் முகத்தில் இருந்தது. யவனர் நன்கலங்களில் கொணர்ந்த நறுமண மதுவைப் பாண்டிய மன்னன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் காட்டுகிறது. அந்நூலின் 24ஆம் பாடலோ நுங்கின் நீர், கரும்பின் சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்து பருகிய மக்களைக் காட்டுகிறது. அயல்நாட்டு மது அரசனுக்கு. சொந்த மண்ணின் சுவை மக்களுக்கு. இந்தப் பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது போலும்!

சொந்த மண்ணில் விளைவதைப் பானத்தில் சேர்ப்பது உலகெங்கும் உள்ள இயல்பு. ஐரோப்பாவில் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ பரவும் முன்னர், அந்தந்தப் பகுதியின் மூலிகைகளே பீருக்கு மணமூட்டின. அக்கசப்பு மது கெடாமல் காக்கும் என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் துறவியான புனித ஹில்டெகார்ட். பெல்ஜிய நாட்டில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இட்டுக் கோதுமை பீர் செய்கின்றனர். அங்குள்ள டிராப்பிஸ்ட் துறவு மடங்கள் சிலவும் பீர் வடித்து, அவ்வருவாயில் தம்மையும் ஏழைகளையும் பேணுகின்றன. கரீபியன் தீவுகளிலோ இஞ்சியும் மாம்பழமும் பானத்துக்குச் சுவை தருகின்றன. இவ்விரண்டும் ஆசியாவிலிருந்து கடல் கடந்து சென்று அங்கே வேரூன்றியவை என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு வியப்பு தோன்றுகிறது. நம் அடுப்படிப் பொருள்களைக் கொண்டு அவர்கள் தங்கள் தீவுக்கென ஒரு சுவையை உருவாக்கிக்கொண்டார்கள். நம் பனை என்னவாயிற்று?

பனையின் தொழிலை அறிந்தவர்க்கு ஓர் உண்மை தெரியும். பாளையைக் கடிப்பால் நசுக்கி, நாள்தோறும் அரிவாளால் நுனி சீவினால்தான் அது சுரக்கும். சுரப்பதைத் தாங்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால், இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறிய மனிதன் ஒருவன். இடையில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கோ மாங்காயோ அரிந்து போட்டுக் குடிப்பது நம் பக்கத்து வழக்கம். அதனைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுக்கும் ஏலமும் சேர்த்தால் சுக்குக் கருப்பட்டி. மலையின் மணமும் தேரியின் இனிமையும் ஒரு துண்டில் கூடுவது இங்கேதான்.

இந்த மண்ணில் நற்செய்தி வேரூன்றியபோதே மதுவின் கேள்வியும் எழுந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1544இல் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், குடிப்போருக்கு அபராதம் விதிக்குமாறு கண்டிப்புடன் கட்டளையிடுகிறார். ஆனால் அதே ஆண்டில், வடுகர் படையால் துரத்தப்பட்டுக் குமரிமுனைப் பாறைகளில் பசியால் வாடிய மக்களுக்காக மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உதவி கொண்டுசென்றவரும் அவரே. கண்டித்த வாயும் சோறு கொண்டுசென்ற கையும் ஒருவருடையவை. இந்த இணைப்பை நாம் மறந்துவிடலாகாது.

பிற்கால ஆட்சியாளர் அதனை மறந்தனர். 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசின் வருவாய்க்குரிய பொருளாக்கி முறைப்படுத்தியது. மரத்துக்கும் வரி, கடைக்கும் ஏலம். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் விலக்கு தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 1983இல் அரசின் வாணிபக் கழகமாகிய டாஸ்மாக் தோன்றியது. 1987 முதல் கள் இறக்குவது தடை செய்யப்பட்டது. அத்தடை இன்றும் நீடிக்கிறது. 2003இல் மதுப்புட்டிகளின் சில்லறை விற்பனையையும் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. அண்டைக் கேரளத்திலோ உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன.

இவ்வரலாற்றின் விளைவைச் சற்று ஆராய்வோம். புளித்த கள்ளின் வெறியம் ஏறத்தாழ பீரின் அளவே. அது குற்றமாயிற்று, அதனினும் பன்மடங்கு கடுமையான பிராந்தியும் விஸ்கியும் அரசு முத்திரையோடு விற்பனைக்கு வந்தன. குடி குறைந்ததா? குறையவில்லை என்பதற்கு நம் பங்குகளின் கண்ணீர்க் குடும்பங்களே சாட்சி. குறைந்தது பனையேறுவோரின் தொகை. நாளுக்கு இருமுறை முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்கும் தொழிலில் உயிருக்கு உறுதியில்லை. பதநீர் இறக்கியவனும் கள் இறக்கியதாக ஐயுறப்பட்டு அலைக்கழிக்கப்பட்டான். தந்தை தன் மகனுக்குத் தளைநாரைக் கொடுக்க மறுத்தான். ஏறுவாரில்லாத மரங்கள் செங்கல் சூளைகளுக்கு விறகாயின. மாநில மரம் என்று பெயர் சூட்டப்பட்ட பனைக்கு நேர்ந்த கதி இது. 2021இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும், 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும் அறிவித்தது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை நன்றே. ஆயினும் விதை மரமாகிப் பாளை விடப் பல ஆண்டுகள் ஆகும். அன்று ஏற ஆள் இருக்க வேண்டுமே!

கள்ளுக்குத் திறப்பு விழா நடத்தும் நோக்கம் இக்கட்டுரைக்கு இல்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அவர் கண்ட இழிவு இன்றும் நம் தெருக்களில் விழுந்து கிடக்கிறது. அதேவேளையில் நம் விசுவாசம் படைப்பைப் பழிப்பதில்லை. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினார். தம் இறுதி இராவுணவில் அதனையே தம் இரத்தத்தின் அருளடையாளமாக்கினார். அதே விவிலியம்தான் குடிவெறியை ஆவியின் வாழ்வுக்குப் பகையெனக் கடிந்துரைக்கிறது. பொருள் நல்லது, அளவும் பொறுப்பும் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டவை. கலயத்தில் தடவும் சுண்ணாம்பைப் போல, மனச்சான்றும் ஊர்க் கட்டுப்பாடும் தடவப்படாத இடத்தில் எந்தப் பானமும் நஞ்சாகும். ஆனால் சட்டம் அந்தச் சுண்ணாம்பை ஏழையின் கலயத்தில் மட்டும் தேடி, செல்வரின் புட்டியைக் கண்டுகொள்ளாவிடில் அதனை நீதி என்று சொல்ல இயலாது. கள்ளுக்கு அனுமதி வேண்டும், வேண்டாம் என்று நம்மிடையே கருத்து வேறுபடலாம். பனையேறியின் வயிறு பற்றிக் கருத்து வேறுபட இடமில்லை.

பனையின் பருவமும் திருச்சபையின் தவக்காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே தொடங்குகின்றன. குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்தி ஓசன்னா பாடுகிறோம். அவ்வோலையே மறு ஆண்டு சாம்பலாக நம் நெற்றியில் பதிகிறது. காயப்பட்டுச் சுரக்கும் பாளையில் சிலுவையின் மறைபொருளைக் காண்பது நமக்குக் கடினமன்று. அப்படிக் காண்போர் அம்மரத்தில் ஏறுபவனையும் காண வேண்டும். நம் பங்குத் திருவிழாக்களில் புட்டிக் குளிர்பானத்துக்குப் பதில் பட்டையில் பதநீர் வழங்கலாம். அன்பியக் கூட்டங்களில் கருப்பட்டியிட்ட சுக்குக் காப்பி தரலாம். ஆலய நிலங்களில் பனை விதை ஊன்றலாம். கலப்படமற்ற கருப்பட்டியை ஏறுபவரிடமே உரிய விலைக்கு வாங்கலாம். குடிநோயால் தளர்ந்த வீட்டின் கதவைத் தட்டும் கையே இதையும் செய்யட்டும். சவேரியார் விட்டுச்சென்ற வழி அதுவே.