டிவியில் மழை சொல்பவர்கள்

பிள்ளைகளே, என்னிடம் படித்த ஒருத்தி கேட்டிருந்தாள்: "சார், என் மக டிவியில வானிலை சொல்லணும்னு ஆசப்படுதா, என்ன படிக்க வைக்கணும்?" பதில் கொஞ்சம் நீளம், எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

1954 ஜனவரி 11 அன்று பிபிசி தொலைக்காட்சியில் ஜார்ஜ் கௌலிங் என்பவர் வரைபடத்தின் முன் நின்று வானிலை சொன்னார். திரையில் தோன்றி அதைச் சொன்ன முதல் ஆள் அங்கே அவர்தான். செய்தி வாசிப்பவர் அல்ல, பிரிட்டிஷ் வானிலைத் துறை ஊழியர். நமக்கு அப்படி வாய்த்தவர் எஸ்.ஆர். ரமணன். சென்னையில் புயல் எச்சரிக்கை மையத்தின் பொறுப்பில் இருந்து 2016 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அவர் முகம் தெரிந்தாலே நாளைக்கு லீவு என்று குதித்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் உண்டு. (லீவு விட்டது கலெக்டர், பெயர் ரமணனுக்கு!)

வானத்தை அளக்கும் வேலை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1956 வரை நாம் திருவனந்தபுரத்து ஆட்சியில்தானே இருந்தோம். அங்கே சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837இல், வானாய்வு நிலையம் வந்தது. பின்னாளில் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1855இல் அகஸ்தியர் மலை உச்சியில் இன்னொரு நிலையம் வைத்தார். 1,800 மீட்டருக்கு மேல் உயரம், சுற்றிலும் யானைக்காடு. அங்கே போய்க் கருவி பார்த்துக் குறிப்பெழுத எவ்வளவு பொறுமை வேண்டும்!

அதே திருவிதாங்கூரில், பீர்மேட்டில், 1918இல் பிறந்தவர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பிறகு பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி. முதுகலைப் பட்டம் இல்லை என்று டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. 1945இல் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார்.

ஆகவே, அம்மா, உன் மகள் பிளஸ் டூவில் இயற்பியலையும் கணக்கையும் விட வேண்டாம். இயற்பியல் உள்ள பட்டம் வாங்கினால் வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் தேர்வு எழுதலாம். எழுதிக் கொடுத்ததை டிவியில் வாசிப்பது வேறு வேலை. அதற்குத் தமிழ் உச்சரிப்புப் போதும்.

இன்னொன்றும் அவள் படிக்க வேண்டும்: 2017இன் ஒக்கி. நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம். மறுநாள் காலையிலேயே குமரிக்குத் தெற்கே புயல். நாம் வாழையும் ரப்பரும் சாய்ந்ததைப் பார்த்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் பல நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை வரும் முன்பே பலர் ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வாக்கியம் ஏற்கெனவே போனவனுக்கு என்ன செய்யும்? டிவி கரையில் இருந்தது, அவன் கடலில் இருந்தான். திரும்பி வராதவர்களின் வீடுகள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கின்றன.

2019இல் ஜெமினி என்ற கருவியை மத்திய அரசு கொண்டுவந்தது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலில் இருப்பவரின் செல்போனுக்கும் எச்சரிக்கை போகும். ஆனால் அங்கிருந்து பதில் சொல்ல அதில் வழி கிடையாது.