சம்மட்டி சொன்ன பொய்

கொல்லன் பட்டறை வழியே நடந்தார் பித்தகோரஸ். சம்மட்டிகளின் ஓசை ஒன்றோடொன்று இசைந்து கேட்டது. உள்ளே புகுந்தார், நிறுத்துப் பார்த்தார். 12, 9, 8, 6 என்னும் அளவில் எடைகள் இருந்தன. வீடு திரும்பி அதே எடைகளைக் கம்பிகளில் தொங்கவிட்டார். அதே இசை எழுந்தது!

இப்படி ஒரு கதை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நிக்கோமாக்கஸ் கிரேக்கத்தில் எழுதினார். 6ஆம் நூற்றாண்டில் போயித்தியஸ் இலத்தீனில் எழுதினார். மடங்களில் ஓதினர், கல்விக்கூடங்களில் பயின்றனர், ஓவியமாகவும் தீட்டினர்.

அத்தனையும் பொய்! கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேற்குரல் எழும், அது உண்மை. ஆனால் எடையை இரட்டித்தால் எழாது. ஐயமிருப்பின், தோழர்களே, நான்கு செங்கல்லும் ஒரு கம்பியும் போதும். பலகைமேல் நீட்டிய கம்பியின் நுனியில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டு மீட்டுங்கள், பிறகு இரண்டு. மேற்குரல் வராது. நான்கு கட்டினால்தான் வரும். ஆயிரம் ஆண்டுகளாக ஐரோப்பாவில் கம்பி இல்லையா, கல் இல்லையா? இருந்தன. ஏட்டில் இருக்கிறதே, பிறகு ஏன் சோதனை என்ற எண்ணமும் இருந்தது!

1558இல் வெனிஸ் நகரத்துச் சார்லினோ பெருநூல் ஒன்று எழுதினார். 1 முதல் 6 வரையுள்ள எண்களிலேயே இனிய இசைவெல்லாம் அடங்கும் என்றார். 2:1 மேற்குரல், 3:2 நாம் குரல்–இளி என்னும் உறவு, 5:4 குரல்–கைக்கிளை. கணக்கு சரி. காரணம்? ஆறு நிறைவான எண்ணாம். ஒன்றும் இரண்டும் மூன்றும் கூடினால் ஆறாம்! விடையைச் சரியாக எழுதிவிட்டு வழியைத் தவறாகப் போடும் மாணவனை நான் வகுப்பில் நாள்தோறும் காண்கிறேன்.

அவரை எதிர்த்தவர் அவரிடமே பயின்றவர்: பிளாரன்ஸ் நகரத்து யாழிசைவாணர் வின்சென்சோ கலீலி, அறிஞர் கலீலியோவின் தந்தை. எடைகளைத் தொங்கவிட்டே பார்த்தார். மேற்குரலுக்கு 4:1, இளிக்கு 9:4 என்று 1589இல் எழுதினார். எண்ணுக்கு மந்திர ஆற்றல் இல்லை. எதை அளக்கிறோம் என்பதே கேள்வி. எண்ண வேண்டியது அதிர்வுகளை என்று மகன் 1638இல் விளக்கினார்.

1677இல் ஆக்ஸ்போர்டில், அதிரும் கம்பிமேல் தாள்துண்டுகளை வைத்துப் பார்த்தனர். சில இடங்களில் துள்ளி விழுந்தன. சில இடங்களில் அசையாமல் இருந்தன. கம்பி முழுதாக மட்டுமன்றிப் பாதியாகவும் மூன்றிலொன்றாகவும் அதிர முடியும்! 1701இல் பாரிசில் சோவெர் இதை ஒழுங்குபடுத்தினார். பேச்சுத் தடையும் செவி மந்தமும் உடையவர் அவர். இசைவாணர் காதுகளைத் துணைகொண்டு ஒலியை ஆய்ந்தார். நொடிக்கு 100 முறை அதிரும் கம்பியில் 200, 300, 400, 500, 600 என்று கிளையொலிகளும் கலந்தே பிறக்கின்றன. சார்லினோவின் விகிதங்கள் அவ்வரிசையிலேயே கிடக்கின்றன. ஆறின் புனிதம் அங்கேயே உதிர்ந்தது. ஏழாவது ஒலியும் எட்டாவதும் கேட்கத்தானே செய்கின்றன!

4:5:6 என்ற மூவொலிக் கட்டு மூன்றை அடுக்கினால் 24, 27, 30, 32, 36, 40, 45, 48 என்று ஏழிசையும் மேற்குரலும் அமையும். தூய சுருதி முறை என்பது இதுவே. பித்தகோரஸ் வழியினர் இளியை மட்டுமே அடுக்கிக் கைக்கிளைக்கு 81:64 என்றனர். கிளையொலி தருவது 80:64. சிறு வேறுபாடுதான்; சேர்ந்தொலித்தால் செவி உணரும்.

உடனே புதிய பக்தி ஒன்று முளைத்தது. இயற்கையே இசையை ஆக்கித் தந்தது என்றார் பிரெஞ்சு இசைவாணர் ராமோ. தந்ததா? 32ம் 40ம் 24இன் கிளைகளல்லவே! ஏழாவது கிளையின் இடமாகிய 42 ஏன் விடப்பட்டது? தேர்ந்தவன் மனிதன். செர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் இதைத் தெளிவாக்கினார்: கிளையொலிகள் மோதித் துடிப்பதே இன்னாவொலி, ஆனால் சுரவரிசையோ, காலத்தோடு மாறும் மனிதச் சுவையின் ஆக்கமுமாகும். சொன்னதோடு அவர் நிற்கவில்லை. கைக்கிளை தூயதாக ஒலிக்கும் ஆர்மோனியம் ஒன்றைச் செய்வித்து, வழக்கமான சுருதியோடு தாமே ஒப்பிட்டுக் கேட்டார்.