சுப்பாராவின் மருந்தும் நழுவும் கவனமும்

கம்மாபுரத்துப் பெண்ணொருத்தி மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடித்துக்கொண்டு, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதும் வேலைக்கு மீண்டும் அமர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கோடு தெளிவாகத் தெரிகிறது, பார்வையில் பழுதில்லை. ஆயினும் தூரிகை பாதியில் நிற்க, கவனம் வேறெங்கோ சென்றுவிடுகிறது. 'கீமோ பிரெயின்' என்று பெயர் பெற்றுவிட்ட இத்தடுமாற்றத்தின் வரலாற்றில் ஒரு முனை சென்னையில் இருக்கிறது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவை வகுப்புக்குச் சென்றதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். பிறகு பாஸ்டன் சென்றார். பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தில் அவரது குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான சேர்மங்களை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றைக் கொண்டு குழந்தைகளின் இரத்தப் புற்றைத் தற்காலிகமாகத் தணிக்க முடிந்ததை சிட்னி ஃபார்பர் 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டு சுப்பாராவ் மறைந்தார்.

அக்குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட், மிலான் நகரின் போனடோனா 1976இல் வெளியிட்ட சி.எம்.எஃப். கூட்டு மருந்தில் நடுவெழுத்தாயிற்று. அறுவைக்குப் பின் அது நோய் திரும்புவதைக் குறைத்தது, பெண்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள், மனம் ஒன்றில் நிற்கவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். சோர்வு, கவலை என்று அது நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது.

1999இல் நெதர்லாந்தின் சாகன் குழு, சி.எம்.எஃப். பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கும் கீமோ பெறாத நோயாளிகளில் 12 விழுக்காட்டினருக்கும் அறிதிறன் குறைவு இருப்பதாகக் கண்டது. ஆய்வு சிறியது, பெண்கள் சொன்ன குறைகளும் தேர்வு முடிவுகளும் பொருந்தவுமில்லை. தேர்வில் தேறியவள் பொய் சொல்கிறாள் என்று இதற்குப் பொருளல்ல. அமைதியான அறையில் அரைமணி நேரம் கவனத்தை இழுத்துப் பிடிப்பது வேறு, நாள் முழுதும் பிடிப்பது வேறு. சில ஆண்டுகளில் பலர் தேறினர் என்பதையும் அக்குழுவே பின்னர் காட்டியது. மெத்தோட்ரெக்சேட் மூளையின் மைக்ரோக்ளியா செல்களைக் கிளறி, நரம்பிழைகளின் மயலின் உறையை மெலியச் செய்வதை 2018இல் ஸ்டான்ஃபோர்டில் எலிகளிடம் கண்டார்கள்.

கவனத்தை அளக்கும் பழைய தேர்வொன்றில், சிதறிக் கிடக்கும் எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் மாற்றி மாற்றி வரிசையாக இணைக்கவேண்டும். ஆங்கிலம் அறியாதவளுக்கு அது கவனத் தேர்வன்று, பள்ளித் தேர்வு. எழுத்துக்குப் பதில் வண்ணங்களை வைத்த வடிவம் பின்னர் வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸின் 2004 தேர்வுத் தொகுப்பில் அதுவே இடம்பெற்றது. எண்வரிசை தெரிந்தால் போதும்; பொம்மைக்குக் கண் எழுதுபவளுக்கு வண்ணம் புதிதல்ல.